பாய் மாதிரி பேச வராத ஜமால்

நேற்று புதுவாயல் கூட்டுரோட்டில் டீ குடிக்க ஒதுங்கினேன். கடை டி.வி.யில் காமெடித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாய் வந்தார். குஞ்சம் வைத்த தொப்பி, கண்ணில் ஒரு வண்டி மை, பச்சைக் கைலி. 'நம்பள்கி நிம்பள்கி' என்று இரண்டு வரி பேசினார், பிரியாணி அண்டாவைத் திறந்தார், போய்விட்டார். பின்னாலேயே ஒரு கிறிஸ்தவர். நெஞ்சில் அரையடிச் சிலுவை, கையில் பாட்டில், வாய்க்கு வாய் 'மேன்'. என்றைக்கோ பதிவுசெய்து வைத்த சிரிப்பு கடகடவென்று கொட்டியது. நீங்களே சொல்லுங்கள், எந்த ஊர்க்காரர்கள் ஐயா இவர்கள்? பழவேற்காட்டில் காலங்காலமாக வியாபாரம் பண்ணுகிற குடும்பங்களோடு பழகியிருக்கிறேன். ஒருத்தர் வாயிலும் அந்த நம்பள்கியைக் கேட்டதில்லை. இதை எழுதுகிற புண்ணியவான்கள் ஸ்டூடியோ வாசலையே தாண்டியதில்லை போலிருக்கிறது.

திட்டுவதற்கு எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? அதே கூத்தை நானும் ஒருமுறை எழுதினேன். அதில்தான் ஜமாலைத் தொலைத்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து லேத். பழவேற்காட்டுக்காரன். என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவான். அவனுடைய டிபன் கேரியரின் மேலடுக்கில் இறால் தொக்கு எனக்கென்றே வரும். திறந்தால் போதும், லேத் எண்ணெய் வாடையெல்லாம் ஓடிப்போகும். ஆயுதபூஜைக்கு முதல்நாள் தன் லேத்தைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைத்து வைப்பான். பூஜையன்று குடும்பங்கள் எல்லாம் வரும். பொரி கொடுப்பார்கள், பிறகு எங்கள் நாடகம்.

அந்த வருஷ நாடகம் என் கைவண்ணம். கைவண்ணம் என்ன, டி.வி.யைப் பார்த்துக் காப்பியடித்ததுதான். குடிகாரக் கிறிஸ்தவனாக ஆரம்பாக்கத்து ஸ்டீபனைப் போட்டேன். அவன் சோடாவைத் தவிர வேறெதையும் தொடாதவன். பாய் வேஷம் ஜமாலுக்கு. ஒத்திகையில் அவன் பாட்டுக்கு, "இன்னாப்பா, நாஷ்டா ஆச்சா?" என்றான்.

போர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா ஜமாலு, பாய் மாரி பேசவே வரலியே உனுக்கு!"

"அப்ப இத்தினி நாளா நான் இன்னா பேசிகினு இருந்தேன்?" என்றான் ஜமால்.

எல்லோரும் சிரித்தோம். "வுடு ஜமாலு, நானே போட்டுக்கறேன்" என்றேன் நான், பெரிய நடிகன்.

ஒட்டுத்தாடி, குஞ்சத் தொப்பி, நம்பள்கி, எதையும் விடவில்லை. கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. முன்வரிசையில் ஜமாலும் சிரித்தான். அவன் மடியில் இருந்த ஆறு வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் தாடியோடு இறங்கிப்போய் அவள் கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டினேன்.

"மாமா, எங்க வாப்பா இப்டியா பேசுது?"

ஜமாலின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "மாமா சும்மா வெளாடுது, வா" என்று அவளைத் தூக்கிக்கொண்டான். பொரிப் பொட்டலத்தைக்கூட வாங்காமல் போய்விட்டான்.

லீவு முடிந்து வந்து சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவன் வந்து, "குட் மார்னிங் சார்" என்றான். கேரியரில் ஓர் அடுக்கு குறைந்திருந்தது.

அந்தக் கம்பெனி மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஏதோ கிடங்கு. ஜமால் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. டி.வி. பாய் மட்டும் அதே தொப்பியோடு சாகாமல் இருக்கிறான்.

"இன்னா சார், காமெடி பாத்துகினே உம்முனு கீற?" என்றார் டீக்கடைக்காரர்.

சார். என்னை இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.