மொட்டை மாடிச் சாவி

போன மழையில் ஏரி நிரம்பி, சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோது மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வீட்டுக்காரரிடம். அவர் இருப்பது தாம்பரத்தில். என் கணவரைக் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு நான் முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஒரகடம் சாலை விபத்தில் அவருக்கு ஒரு கால் போய்விட்டது. கட்டில் சட்டத்தைத் தொட்ட பிறகுதான் தண்ணீர் நின்றது.

என் கம்பெனியில் சைரன் அடித்தால் எந்த வாசல் வழியாக வெளியேற வேண்டும், எங்கே கூட வேண்டும் என்று லைனில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அப்படி எதுவும் இல்லை. இந்த வருடம் மழைக்கு முன்பே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். மெயின் சுவிட்சை அணைப்பது நான். ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரை, டார்ச் எல்லாம் ஒரே பையில். பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் மூன்று திருநெல்வேலிப் பெண்கள் குடிதண்ணீர்க் குடங்களை ஏற்றுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து இவரை மாடிக்குத் தூக்க வேண்டும்.

அவர் படித்துவிட்டுத் தாளைத் தூக்கி எறிந்தார்.

"நான் இன்னா அரிசி மூட்டையா? மாத்தி எழுது."

"அப்ப எப்டிய்யா ஏறுவ?"

"ஏறிக் காட்றேன். நீ மொதல்ல சாவிய வாங்கு."

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"மாடில ஆளுங்க ஏறுனா தளம் வீணாப் பூடும்மா. தண்ணி வந்தா போன் பண்ணு, வந்து தொறக்கறேன்."

"போன தடவ பண்ணேன் சார், லைனே கெடைக்கல. சாவி குடுக்கலன்னா பூட்ட ஒடைப்பேன்."

"ஒடைச்சா வூட்ட காலி பண்ணு."

போனை வைத்தேன். பக்கத்துப் பெண்களிடம் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள்.

"நீங்க போனா நாங்களும் போயிருதோம்க்கா. காலி வீட்ட வச்சுகிட்டு அவரு என்ன செய்வாரு?"

ஞாயிற்றுக்கிழமை காலை ரம்பத்தால் பூட்டை அறுத்தேன். புதுப் பூட்டை மாட்டிவிட்டுக் கீழே வந்து, ஒத்திகைக்குச் சைரன் மாதிரி கரண்டியால் தட்டை அடித்தேன். பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். மெயினை அணைத்துப் பையை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது, அவர் முதல் படியில் மாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினார். பாதியில் மூச்சு வாங்கியது. ஒருத்தி கை நீட்டினாள்.

"தொடாத."

மேலே வந்தபோது சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "எத்தினி நிமிஷம்?" என்றார். ஏழு என்றேன். "அடுத்த வாரம் அஞ்சு."

நாங்கள் இறங்குவதற்குள் வீட்டுக்காரரே வந்துவிட்டார். பூட்டை அறுக்கும்போதே யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரக் கேட்டு ஒடைச்ச?"

"யாரயும் கேக்கல சார்." ஒரு சாவியை நீட்டினேன். "இது உங்களுக்கு. இன்னோண்ணு எங்ககிட்ட இருக்கும். காலி பண்ணணும்னா சொல்லுங்க, ரெண்டு போர்ஷனும் ஒண்ணாக் காலி பண்றோம்."

தளத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரை வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மழை இன்னும் தொடங்கவில்லை. ஞாயிறுதோறும் நாங்கள் மாடி ஏறுகிறோம். எதிர்வீட்டில் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.