ஆறாவது மொட்டை

சிறுவயதில் என் தலைமுடி என்னுடையதாக இருந்ததே இல்லை. அது வீட்டுப் பொதுச்சொத்து. அக்காவுக்குக் காய்ச்சல் விட்டதற்கு என் தலை. கிணற்றில் தண்ணீர் ஊறியதற்கு என் தலை. காணாமல் போன எருமை தானாக நடந்து வந்ததற்கும் எருமையை விட்டுவிட்டு என்னைத்தான் மழித்தார்கள். நைனாவிடம் கொடுப்பதற்கு முடி கிடையாது, முப்பது வயதிலேயே வழுக்கை. திருத்தணியில் பிறந்தால் முருகன் தலைக்கு மேலேயே இருக்கிறார், வேண்டிக்கொள்ள பஸ் டிக்கெட்கூட வேண்டாம். பத்து வயதுக்குள் ஐந்து மொட்டை ஆகியிருந்தது.

ஆறாவது, காருக்காக.

நைனா வாடகைக்கு ஓட்டிய பழைய அம்பாசிடர் குடித்த பெட்ரோலில், திருப்பதி சவாரி போய் வந்தால் வீட்டுக்கு மிஞ்சுவது லட்டு மட்டும்தான். ஒரு கழித்துப்போட்ட வேனின் டீசல் எஞ்சினை வாங்கி இதற்குள் இறக்கிவிடலாம் என்று அரக்கோணம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த பாய் சொன்னார். "இதுவும் சரியா வர்லன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும்" என்று நைனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது: "நடுவுல எங்கயும் நிக்காம மல ஏறிச்சின்னா, இவனுக்கு மொட்ட போட்றேன் முருகா."

பதினைந்து நாள் வேலை. டீசல் எஞ்சின் உயரத்திலும் கனத்திலும் அதிகம். பாய் பானெட்டுக்குள் பாதி உடம்பை விட்டு, பழைய தாங்கிகளை வெட்டியெடுத்து, புதியவற்றை வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, பேட்டரியை டிக்கிக்குக் குடிமாற்றினார். எஞ்சின் உள்ளே உட்கார்ந்ததும், பந்தியில் இலைமேல் கவிழ்ந்தவனைப் போல வண்டி மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டது. முன்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு முறுக்குக் கம்பிகள் அடியில் உண்டு. அவற்றை இன்னும் முறுக்கினால் மூக்கு தூக்கும். அதற்காக முன்பக்கம் முழுவதையும் பிரித்துப் போட்டார். நட்டு, போல்ட்டெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக் கிடந்தன.

அதிலிருந்து ஒரு நட்டை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். கிரீடம் மாதிரி தலையில் பள்ளம் பள்ளமாக வெட்டிய நட்டு. போன மொட்டைக்கு வகுப்பே என் தலையில் தாளம் போட்டிருந்தது. ஆண்டு விழா வேறு அடுத்த வாரம். நட்டைக் காணோமென்று தேடுவார்கள், நாள் தள்ளிப்போகும், விழா முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அபாரமான கணக்கு. அதில் ஒரே ஒரு ஓட்டை, யாரும் தேடவில்லை.

இடது முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த நட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் முறுக்கி, கழலாமலிருக்க அதன் பள்ளத்தில் ஒரு கம்பிப் பின்னைச் செருக வேண்டுமாம். பாய் அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார். காலையில் நைனா "நல்ல நேரம் போவுது பாய்" என்று விரட்டிய விரட்டில் மறந்துபோனார். தட்டில் கிடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். தட்டோ காலி. இதெல்லாம் பிற்பாடு நான் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான்கு சக்கரமும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டன, நட்டு என் பையில் இருக்கிறது என்பதுதான்.

முன்னால் நைனாவும் பாயும். பின்னால் அம்மா, அக்கா, பாய்க்கு நேர் பின்னே நான். மலைப்பாதையின் முதல் வளைவில் இடது முன்சக்கரத்துப் பக்கம் "டக்" என்றது. ஜன்னலுக்கு வெளியே ஊர் கீழே போய்க்கொண்டிருந்தது. நாளைக்கு எங்கள் நான்கு பேர் படமும் மாலை போட்டுச் சுவரில் தொங்கும், என் படத்தில் மட்டும் தலை நிறைய முடி இருக்கும் என்றுகூட ஓடியது புத்தி.

"நைனா, நிறுத்து."

"இன்னாடா?"

"நிறுத்து நைனா!"

"ஒண்ணுக்கா? அடக்கிக்கினு வா. நடுவுல நிறுத்தக் கூடாது."

"மொட்டைக்கு பயந்துகினு நடிக்கிறான் நைனா" என்றாள் அக்கா. அம்மா அபிஷேகப் பால் சொம்பை என்னிடமிருந்து தள்ளி வைத்தாள்.

"டக்."

சொன்னால் அடி, மொட்டை இரண்டும். சொல்லாவிட்டால் பள்ளம். இரண்டாவது வளைவில் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் கையை நுழைத்து நட்டைப் பாயின் உள்ளங்கையில் வைத்தேன்.

பாய் திரும்பவில்லை. அவர் விரல்கள் அந்தக் கிரீடத்தை ஒரு சுற்று தடவின. நிறுத்தச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ணா, ரெண்டாவது கியர்லயே வாங்கணா. மெதுவா. சாமி எங்கயும் ஓடிடாது" என்றார். பிறகு சிரித்தார். "எஞ்சின் சத்தம் கேக்குதா? அப்டியே என் மாமியா கொறட்ட!"

அங்கிருந்து உச்சிவரை மாமியார் கதைதான். நாளெல்லாம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அவர். நைனா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இன்று பயத்தை மறைக்கப் பல் டாக்டரின் நாற்காலியில் படுத்துக்கொண்டு ஜோக்கடிக்கிறவன் நான். அன்று பாயின் காதுக்குப் பின்னால் வழிந்த வியர்வையின் அர்த்தம் இப்போது நன்றாகவே தெரியும். அவர் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நைனாவின் வேண்டுதலைப் பார்த்தாரா, தன் பட்டறையின் பேரைப் பார்த்தாரா, அது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி நிற்காமல் மேலே ஏறிவிட்டது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் பாய் வண்டிக்கு அடியில் இருந்தார். அங்கிருந்து ஒரு கை மட்டும் நீண்டது.

"அண்ணி, ஹேர்பின் ஒண்ணு இருந்தா குடுங்க."

"இன்னாத்துக்கு பாய்?"

"காது கொடையணும்."

காது குடைய யாராவது காருக்கு அடியில் போவார்களா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னை மொட்டை போட இழுத்துக்கொண்டு போனார்கள்.

சந்தனம் பூசிய தலையோடு திரும்பி வந்தபோது பாய் முழங்கை வரைக்கும் கிரீஸோடு கதவை மறித்து நின்றார்.

"இன்னாணா, கார்லயேவா எறங்கப் போறீங்க? வண்டிக்கு வேண்டிகினீங்களே. ஏறும்போது வண்டி, எறங்கும்போது படி. அப்பத்தான் வேண்டுதல் முழுசாவும்."

"அப்டியா பாய்?"

"ஆங். உங்களுக்குத் தெரியாதா?"

முருகன் கோயில் முறை ஒரு பாய்க்குத் தெரிந்து தனக்குத் தெரியாமல் போனதில் நைனா கூசிப்போனார். சட்டென்று செருப்பைக் கழற்றினார். வண்டியை மட்டும் பாய் எடுத்து வரட்டும் என்று ஏற்பாடு.

பட்டப்பகல் வெயில். முந்நூற்று அறுபத்தைந்து படி. புது மொட்டை. கீழே வந்து, பாய் எப்போதோ வந்திருப்பார் என்று பார்த்தால், அரை மணி நேரம் கழித்துத்தான் தேர் அசைந்து வருகிற மாதிரி அம்பாசிடர் வந்தது. அவர் சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் தேறும். "பிரேக் பார்த்துகினே வந்தேன்ணா. பட்டறைக்கு எட்துகினு போய் நாளைக்குத் தர்றேன்" என்றார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

அந்த வண்டி பல வருஷம் திருப்பதிக்கு ஓடி எங்களுக்குச் சோறு போட்டது. எங்கள் குடும்பம் இன்றும் மலைக்குக் காரில் ஏறி, படிவழியாகத்தான் இறங்குகிறது. முட்டி தேய்ந்த அம்மா உட்பட. முறை அப்படி. பாய் அந்த ஹேர்பின்னைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்று அவளுக்கு இன்னும் குறை.

அன்று நானோ, சுடுகிற தலையைக் கையால் பொத்திக்கொண்டு, படிக்கு ஒரு வசவாகப் பாயைத் திட்டிக்கொண்டே இறங்கினேன்: எங்களை வெயிலில் நடக்க விட்டுவிட்டு, இந்த ஆள் மட்டும் ஜாலியாகக் காரில் போகிறானே!