எஸ்தர் ஆயா போன வழி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் சாட்சியில் நோய் தீரவில்லை. செத்தவர் எழுந்திருக்கவில்லை. மழைகூட நிற்கவில்லை. அப்புறம் என்ன சாட்சி என்று கேட்பீர்கள். என் ஆயாவை அடக்கம் செய்ய வழியில்லாமல் நாங்கள் நின்ற நாளைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நான் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அம்மாவைப் பெற்ற எஸ்தர் ஆயாதான் நடவு நட்டு, களை எடுத்து என்னை வளர்த்தாள். போன கார்த்திகை மாதம், அடைமழையில், காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் குழிக்கும் என் அம்மாவின் குழிக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆயா அதைத் தனக்கென்று வைத்திருந்தாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன வெச்சிடுங்க. வேற ஒண்ணும் வாணாம்" என்று எப்போதும் சொல்லுவாள். கடைசியாக நினைவு இருந்தபோதும் அதையேதான் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் அங்கே போவது எப்படி? பழைய வண்டிப்பாதையை மறித்து ஒரு கம்பெனி மதில் எழுப்பிப் பல காலமாகிறது. அதன் பிறகு கால்வாய்க் கரை வழியாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்த மழையில் கரை உடைந்து, கழுத்தளவு தண்ணீர் சுழித்து ஓடியது. மீதி இருந்தது ஊர்த்தெருக் கோபால் நைனாவின் நிலம் மட்டும். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். பெட்டியைத் தூக்கிப் போக வேண்டுமென்றால் பயிரில்தான் இறங்க வேண்டும். நெல்லோ கதிர் தள்ளிப் பால் பிடிக்கிற சமயம். முன்பு ஒருமுறை எங்கள் தெருப் பிள்ளைகள் கேட்காமல் அப்படி இறங்கிப் போனதில் அடிதடியாகிப் போலீஸ் வரைக்கும் போனது. அன்றிலிருந்து எங்கள் காலனியும் ஊர்த்தெருவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆயா மட்டும் அந்த நிலத்துக்கு நடவுக்குப் போவதை விடவில்லை. ஒவ்வொரு வருசமும் முதல் நாற்றை வைப்பதற்கு முன்னால் வரப்பில் முழங்கால் போட்டு அந்த வயலுக்காக ஜெபிப்பாள். கால் தவறிப் பயிரை மிதித்துவிட்டால் குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் நகருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"அவங்க நெலத்துக்கு நீ இன்னாத்துக்கு ஆயா ஜெபம் பண்ற?" என்று கேட்டால், "யாரு ஊட்டுக்குப் போனா இன்னாடி, சோறுதானே அது" என்பாள்.

ஆயாவை அடக்கம் செய்ய வேண்டிய அன்று காலையிலிருந்து மின்சாரம் இல்லை. கொண்டுவந்த ஐஸ் பெட்டி சும்மா கிடந்தது. என் தேவா மாமா, ஆயாவின் ஒரே மகன், என்னைத் தனியே கூப்பிட்டார். "இதுக்கு மேல வெச்சினு இருக்க முடியாதும்மா. கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கனா எடம் கேட்டு வெச்சிடலாம்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாஸ்டரும் வேறு வழி தெரியவில்லை என்றார். முன்பின் தெரியாத ஊரில், யாரோ எவரோ நடுவில் ஆயா கிடக்கப்போகிறாள்.

அடுப்படிக்குப் போனேன். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சபைக்கென்று ஆயா பிடி அரிசி எடுத்துவைக்கும் பானை மூலையில் இருந்தது. அதன் பக்கத்தில் முழங்கால் போட்டேன். எனக்கு அழகாக ஜெபிக்க வராது. கோபமாகத்தான் வந்தது. "ஆண்டவரே, மழைய நிறுத்து. இல்லன்னா ஒரு வழிய காட்டு. ஆயா தனக்குன்னு ஆசப்பட்டது அந்த ஒரு எடந்தான்" என்று அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம் அடங்கியது. எட்டிப் பார்த்தால், கோபால் நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் நனைந்தபடி வருகிறார். பின்னால் இரண்டு ஆட்கள், கையில் அரிவாள். எங்கள் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "மறுபடியும் பேஜாரா" என்று மாமா முணுமுணுத்தார்.

நைனா யாரையும் பார்க்கவில்லை. நேராக ஆயாவின் கால்மாட்டில் வந்து நின்று கும்பிட்டார். பிறகு மாமாவிடம், "காத்தாலயே சேதி வந்துச்சி. வரப்ப ஒட்டிப் பயிர அறுத்து வழி வுட்டிருக்கேன். இப்பத்தான் முடிஞ்சிது. தூக்கிக்கினு வாங்க" என்றார்.

"பால் புடிச்ச பயிராச்சே, நைனா" என்றார் மாமா.

"எத்தினி வருசம் என் நெலத்துக்காக முட்டி போட்டுச்சி அந்தம்மா. அத ஊர சுத்தி அனுப்பவா?"

நான் முழங்கால் போடுவதற்கு முன்பே அங்கே அறுப்பு தொடங்கியிருக்கிறது. கோபத்தோடு கேட்டவளுக்கு, கேட்கும் முன்பே ஆண்டவர் செய்துகொண்டிருந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.

அறுத்த பயிரைச் சேற்றின் மேலேயே பரப்பியிருந்தார்கள், தூக்குகிறவர்களின் கால் வழுக்காமல் இருக்க. பச்சை வாசனை அடித்தது. அதன் மேல் கால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மிதிபட்ட ஒரு பயிரையும் நிமிர்த்தாமல் போகாதவளை அவ்வளவு பயிரை மிதித்துக் கொண்டுபோனோம். வழி நெடுக அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. வாளியால் இறைத்தார்கள். பெட்டி மிதந்துவிடாமல் இருக்க, மண் தள்ளி முடியும்வரை கழிகளால் அழுத்திப் பிடித்தார்கள். அது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் ஆயா தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில்தான் இருக்கிறாள்.

அதோடு இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டது என்று நான் பொய் சாட்சி சொல்ல மாட்டேன். மதில் அப்படியே நிற்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் ஆயா இல்லாதது இன்னும் வலிக்கிறது. ஆனால் இந்த ஆவணியில் நைனாவின் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "நாளிக்கு நடவு. ஆயா இல்ல. நீ வந்து ஜெபம் பண்ணுவியாம்மா?" என்று கேட்டார்.

மறுநாள், காலை ஷிப்ட்டுக்குப் போகும் உடுப்போடு வரப்பில் முழங்கால் போட்டேன். இந்த நெல் யார் வீட்டுக்குப் போனாலும் சோறாகட்டும் என்று மட்டும் கேட்டேன். அன்றிலிருந்து தினமும் ஜெபிக்கிறேன். பிடி அரிசிப் பானையையும் காலியாக விடுவதில்லை.

வழி அடைபட்டு நிற்கிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். கேளுங்கள். அழத்தான் வருகிறதென்றால் அழுதே கேளுங்கள். நாம் கேட்ட மாதிரியே நடக்காமல் போகலாம். அவர் நம்மைக் கைவிடமாட்டார்.

அந்த நடவு அன்று, நான் ஜெபித்து எழுந்த பிறகு பெண்கள் முதல் வரிசை நட்டார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் வரப்பிலிருந்து கால் தவறி ஒரு நாற்றை மிதித்துவிட்டேன். குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.