சோற்றுப் பையில் போன சண்டை விமானம்

அந்தப் பிளாஸ்டிக் பசையின் நெடி மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது. ரசம் சாதத்திலும் அதுவே மணக்கும். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய எங்கள் ஒற்றை அறை வீட்டில், பெங்களூரிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த பெட்டியைப் பிரித்து, இரண்டாம் உலகப் போரில் பறந்த ஒற்றை ஆள் சண்டை விமானம் ஒன்றை, உள்ளங்கைக்குச் சற்றே பெரிய அளவில், ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தேன். இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடுகளை ஊசியால் கீறினேன். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிந்திருக்க வேண்டுமே என்று பென்சில் முனையைச் சுரண்டி, அந்தத் தூளை விரலால் தேய்த்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கருமம்" என்று முனகிய அம்மாதான், அதன்மேல் தூசி படாமல் தட்டைக் கவிழ்த்து வைப்பார்.

கடைசியில் என் அவசரப் புத்தியால் விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடியின் ஓர் இதழ் ஒடிந்துபோனது. அப்பா ஒரு தொழிற்சாலையில் 'டர்னர்'. கடைசல் இயந்திரத்தில் வேலை. "அலுமினியத்துல செஞ்சு தாரேன், அளவு மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்று தன் கோவில்பட்டிப் பேச்சில் சொன்னார்; தினமும் மறந்தார். ஒரு காலை நான் விமானத்தையே துண்டில் சுற்றி, அவரிடம் சொல்லாமல் அவருடைய சோற்றுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வெளியிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் வாசலில் காட்டி ஏட்டில் எழுத வேண்டும், எழுதாதது திரும்பி வரும்போது கம்பெனிப் பொருளாகிவிடும் என்ற விதி எனக்கு எங்கே தெரியும்? அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும், சாப்பாட்டு நேரத்தில் பையைத் திறந்து விமானத்தைப் பார்த்த மனிதர், கழிவுத் தொட்டியில் கிடந்த அலுமினியத் துண்டை எடுத்துக் காற்றாடி செய்து பொருத்தியிருக்கிறார்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கவில்லை. அவரோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாதப்பன் அண்ணன், உத்தனப்பள்ளிக்காரர், நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, அண்ணன கேட்லயே நிறுத்திட்டாங்க. பையில ஏதோ ஏரோப்ளேன் இருந்துதாம், அதுல கம்பெனி அலுமினியமாம். போன மாசம் ஒரு போல்ட்டுக்கே ஒருத்தன வேலைய விட்டுத் தூக்கினாங்கக்கா."

"அது எப்படிப் பைக்குள்ள போச்சு?" என்று அம்மா என்னைக் கேட்டார். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும், அங்கே போய் என்ன செய்வோம், எல்லாம் என்னால்தானே என்று நினைத்தபடியே குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, விரல்களில் காய்ந்திருந்த பசையைத் தோல் சிவக்கச் சுரண்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அப்பா வெறும் பையோடு நடந்து வந்தார். விமானத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, விசாரணை என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். அம்மா கேட்டதற்கு, என் பக்கம் திரும்பாமலே, "நாந்தான் கொண்டு போனேன். கேட்ல காட்ட மறந்துட்டேன்" என்றார். அங்கேயும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

விசாரணை நடந்த மூன்று வாரமும், தெருவில் எந்த வண்டி நின்றாலும் அப்பாவைப் பிடித்துப்போக வந்ததாகவே நினைத்துக்கொண்டேன். வேலை தப்பியது. ஆனால் அவரைக் கடைசல் இயந்திரத்திலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அம்மா விடவில்லை. "பொம்ம ஏரோப்ளேனுக்காக மிஷினத் தொலச்ச மகராசன்" என்று பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொல்லிச் சிரிப்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். விமானம் எந்தக் குப்பையோடு போனதோ தெரியாது. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அந்தக் கதையை இன்னும் சொல்கிறார். இப்போதெல்லாம் முடிக்கும்போது அழுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பது வயது தாண்டிய நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பைக்குள் வைத்தது நான்தான் என்று இதுவரை சொன்னதில்லை. கண்ணாடி போட்டால் அம்மாவுக்கு எழுத்து தெரியும். இது அச்சில் வந்ததும் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது.