மேலிருந்து சுற்றிய ரியூப்

செட்டிகுளத்தில் கூரை வேய ஆள் தேடினால் முதலில் வீரபாகுவின் பெயரைத்தான் சொல்வார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். கிடுகு கட்டப் போன வீடுகளில் சரிந்து கிடந்த ரீவி அன்ரனாவை நிமிர்த்திக் கொடுக்கப் பழகி, போகப்போக அலுமினியக் குழாய்களை வெட்டித் தானே அன்ரனா செய்யுமளவுக்கு வந்துவிட்டார். பத்மாசனியின் தொலைபேசிக் கடைக்கு மேலே, முப்பதடிக் குழாயின் உச்சியில் வவுனியாப் பக்கம் பார்த்து நின்றதும் அவர் செய்ததுதான். அது இல்லாவிட்டால் கம்பியில்லாத அந்தத் தொலைபேசி வெறும் பெட்டி.

தொண்ணூற்றொன்பது கார்த்திகையில், குவைத்திலிருந்து திரும்பிய ஒருத்தி அவருடைய மகள் பிரேமிளாவின் கடிதத்தைக் கொண்டுவந்தாள். வீட்டுவேலைக்குப் போனவளிடமிருந்து ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த கடிதம். அடிக்கிறார்கள், வெளியே விடுவதில்லை, பதில் போட்டால் கைக்கு வராது என்று எழுதியிருந்தாள். கடைசியில், 'வர்ற மாசம் மொத வெள்ளிக்கிழமை எல்லாரும் வெளிய போயிருவாங்க. நம்ம நேரம் மூணு மணிக்குப் பத்மாசனி அக்கா கடைக்கு எடுப்பேன். எங்க ஓடணும்னு விசாரிச்சு வைங்கப்பா.'

வவுனியாவில் ஒரு கன்னியாஸ்திரி, ஓடிவரும் பெண்களை ஏற்றுக்கொள்ளும் வீடொன்றின் விலாசத்தையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். கடதாசி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் வீரபாகு அதை மனப்பாடம் செய்துகொண்டார்.

அந்த வெள்ளிக்கு நாலு நாள் இருக்கும்போது பத்மாசனி கூப்பிட்டாள்.

"அண்ணை, போன் இரையுது. ஆர் கதைச்சாலும் மிளகாய் பொரிக்கிற சத்தம்தான் கேக்குது."

"கொனெக்டர் துருப்புடிச்சிருக்கும் தங்கச்சி. மாத்திட்டாச் சரியாயிரும்."

அன்ரனாவிலிருந்து போனுக்கு இறங்கும் கேபிளின் நடுவில் ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்ரிக், அதற்கு மேல் கம்பி வலை. நடுக்கம்பியும் வலையும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டையும் அன்ரனாவோடு சேர்த்துப் பிடிப்பதுதான் கட்டைவிரல் அளவான அந்த மூட்டின் வேலை. இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் போதும், போன் செத்துவிடும்.

வவுனியாக் கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து மேசையில் வைத்தார். "வெளியில பூட்டவோ, உள்ளுக்கோ?"

"வெளியிலங்க. மழையில நிக்கும்."

"அப்ப றப்பர் வளையம் உள்ளதைக் கொண்டு போங்கோ. மற்றது தண்ணி குடிக்கும்."

சொன்னபடியே வாங்கினார். திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் அதை உருட்டி உருட்டிப் பார்த்தான். வீரபாகு சிங்களத்திலேயே விளக்கினார். அதுதான் வினையாகப் போயிற்று.

"நல்லாப் பேசுறியே! எங்க படிச்ச?"

"தோட்டத்துல, மாத்தயா."

"இதப் பூட்டவும் அங்கதான் படிச்சியா?"

பறித்த சாமான்கள் கிடந்த தகரப் பெட்டிக்குள் கொனெக்டர் விழுந்த சத்தம் கேட்டது.

வீட்டில் பழசு ஒன்று கிடந்தது. வளையம் இல்லாதது. வேறு வழியில்லை; அதையே எடுத்துச் சிரட்டைக்கரியில் இரும்பைக் காய்ச்சி, கேபிளின் நடுக்கம்பியைக் கொனெக்டரின் ஊசிக்குள் விட்டு ஈயம் வைத்தார். தண்ணீர் போகாமலிருக்க, மேலே கொண்டுபோய்ப் பூட்டிய பிறகு சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றுவது அவர் வழக்கம்.

கம்பத்தில் ஏறுகிறவன் யாருக்கோ சைகை காட்டுகிறான் என்று நினைக்கிற காலம். பத்மாசனி இராணுவ முகாமுக்குப் போய், வியாழன் பின்னேரம் இருபது நிமிடத்துக்கு அனுமதி வாங்கி வந்தாள். வீரபாகு ஏறிக் கொனெக்டரை முறுக்கி முடிக்குமுன்பே காவலரணிலிருந்து விசில். திரும்பவும் விசில். துவக்கு இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. அவசரத்தில் கைக்கு எட்டிய மேல் நுனியில் ரியூப்பைத் தொடங்கி, கீழே வரை சுற்றிக் கட்டிவிட்டு இறங்கினார்.

"போனில சிக்னல் லைற் நாலும் எரியுது அண்ணை!"

"பாரு, நாளைக்கு எம்மக பேசுறது போன் இல்லாமலே குவைத்துல இருந்து கேக்கும்."

பத்மாசனி சிரித்தாள். அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது.

வெள்ளி மத்தியானம் அவர் கடைக்கு வந்தபோது ஒரேயொரு லைற்றுத்தான் எரிந்தது, அதுவும் விட்டு விட்டு. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. கிடுகைத் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மேலே மேலேதான் அடுக்குவார்கள். அப்போதுதான் மேல் வரிசை கீழ் வரிசையை மூடும், தண்ணீர் வழிந்து ஓடும். மேலிருந்து சுற்றிய ரியூப்பில் ஒவ்வொரு மடிப்பும் வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றது. இருபத்திரண்டு வருடமாக ஊரெல்லாம் கூரை வேய்ந்தவருடைய கைவேலை அது.

இருவரும் முகாமுக்கு ஓடினார்கள். பெரியவர் இல்லை, ஐந்து மணிக்கு வா என்றார்கள்.

"கேக்காமலே ஏறிர்றேன் தங்கச்சி."

"விசரே அண்ணை உங்களுக்கு? சுட்டுப் போடுவாங்கள். பிறகு பிள்ளைக்கு ஆர் விலாசம் சொல்லுறது?"

மூன்று ஐந்துக்குப் போன் மணி அடித்தது.

"அப்பா! அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா! எழுதிக்க, எழுதிக்க..." அவர் விலாசத்தைச் சொன்னார். நம்பரைச் சொன்னார். திரும்பவும் கத்திச் சொன்னார். வீதியில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ஹலோ? யாராச்சும் இருக்கீங்களா?"

அவள் குரல் வந்தது. அவருடைய குரல்தான் போய்ச் சேரவில்லை. அவர் தொண்டை கிழிய ஒவ்வோர் இலக்கமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"அங்க யாருமே இல்லியாப்பா?"

பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

ஐந்து மணிக்கு அனுமதி கிடைத்தது. மேலே ஏறிக் கொனெக்டரைக் கழற்றியபோது ஒரு தேக்கரண்டி தண்ணீர் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது. சாரத்தின் நுனியால் துடைத்து, ஊதிக் காயவைத்து, திரும்பப் பூட்டி, கீழிருந்து மேலே சுற்றினார். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மாரி முழுவதும் நாலு லைற்றும் அணையவில்லை. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் யார் யாரோ யார் யாருக்கோ எடுத்தார்கள்; பக்கத்து அறையில் நின்று பேசுவது போலக் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கு வீரபாகு வந்து போனடியில் கிடக்கும் கதிரையில் உட்காருவார். விலாசம் இன்னும் மறக்கவில்லை.

"லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணை," என்பாள் பத்மாசனி, ஆறுதலுக்கு.

"அதை மட்டும் சொல்லாத தங்கச்சி," என்பார் அவர்.