டிப்பரும் சாமிச் சேவலும்

விராலிமலைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய இரும்புக்கடை ஒன்றில் குழந்தைசாமிக்கு இரவுக் காவல். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வருவார். இறங்கும்போது கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருக்கும். நிறுத்தத்தில் டிப்பர் வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

டிப்பர் அவருடைய நாய். கடை வாசலில் நின்ற டிப்பர் லாரிக்கு அடியில், குட்டியாகக் கிடந்து நடுங்கியதை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். பெயரும் கூடவே வந்துவிட்டது. வளர்ந்த பிறகு அவர் வேலைக்குப் போகும்போது பஸ் ஏற்றிவிடவும், காலையில் கூட்டிக்கொண்டு போகவும் ஆளாகிவிட்டது. அந்த வீட்டில் அவர் வரும் நேரத்துக்குக் காத்திருக்கும் உயிர் அது ஒன்றுதான். மனைவி காத்தாயி அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.

காத்தாயி கொல்லையில் நாட்டுக்கோழி வளர்த்தாள். டிப்பர் அதில், முட்டையிடத் தொடங்கும் பருவத்து வெடைக்கோழி ஒன்றைக் கடித்துப் போட்டது. அடுத்த வாரம் இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பிச்சை வந்து, "செத்த கோழிய அது கழுத்துலயே கட்டி விடுங்க மாமா. நாத்தம் தாங்காம அந்தப் பக்கமே திரும்பாது" என்று யோசனை சொன்னான். கட்டினார்கள். நாற்றம் தாங்காமல் போனது மனிதர்களுக்குத்தான். டிப்பர் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்து, கடைசியில் கயிற்றை அறுத்துக் கோழியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

இதோடு போயிருந்தால் காத்தாயி திட்டிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் அந்தக் கொல்லையில் ஒரு சாமிச் சேவலும் இருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அரவிந்த்குமார் வண்டியில் விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் மாசியில் கருப்பருக்குச் சேவல் தருவதாக அவள் வேண்டிக்கொண்டாள். அவன் நடந்துவிட்டான். சாமிக்கு விட்ட சேவலைக் கட்டக் கூடாது, கூடைக்குள் அடைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அது இஷ்டத்துக்குத் திரியும். இரவில் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும்.

"சாமிச் சேவல் மேல இது பல்லு பட்டுச்சுன்னா அதுக்கப்புறம் இந்த வீட்ல நாயி கெடையாது" என்றாள் காத்தாயி. "நீங்களே கொண்டுபோயி ரோட்டோரம் விட்டுட்டு வந்துருங்க. புள்ள காலு எனக்குப் பெருசு."

அவளைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாயைக் கட்டிப்போட்டுப் பார்த்தார். பகலெல்லாம் ஊளையிட்டது. பகல்தான் அவருக்கு இரவு. நான்கு நாள் தூங்காமல் வேலைக்குப் போனவர், வெறிநாய்க்கடி ஊசி போடும் சாக்கில் டிப்பரைக் கால்நடை மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டர் சத்யபிரியா ஊசியைப் போட்டுவிட்டு, அவர் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"இதுக்கு என்னங்கய்யா சாப்பாடு?"

"சோறுதாம்மா. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் கறிக்கடையில கோழித் தலை, காலு, குடலு வாங்கியாந்து போடுவேன். நம்ம வீட்ல கோழி அடிச்சாலும் கொல்லையில வச்சே தலைய அதுக்குத் தூக்கிப் போட்டுருவோம்."

"றெக்கையோடயா?"

குழந்தைசாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கோழின்னா தீனின்னு நீங்களே வாராவாரம் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அது நல்லாத்தான் படிச்சிருக்கு" என்று சிரித்தாள் டாக்டர். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். கறிக்கழிவை அடியோடு நிறுத்த வேண்டும். முதலில் நன்றாக நடக்க வைத்து, நாயின் வேகத்தைத் தணிக்க வேண்டும். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கோழிகளுக்கு எட்டத்தில் உட்கார வேண்டும். கோழியைப் பார்த்துவிட்டு நாய் தானாகத் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தால், உடனே ஒரு துண்டு கருவாடு. உடம்பை விறைத்துக்கொண்டு முறைத்தால், எழுந்து இன்னும் தள்ளிப் போய்விட வேண்டும். பழகப் பழகக் கிட்டத்தில் உட்காரலாம். "அடிக்காதீங்க. அடிச்சா ஒங்களுக்குத்தான் பயப்படும், கோழிய மறக்காது. பழகிருச்சுன்னு நெனச்சு ரெண்டையும் தனியா விட்டுட்டும் போயிராதீங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. செய்ய வேண்டியவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்த மனிதர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல், கண்மாய்க் கரை வரை நாயை நடத்திக்கொண்டு போனார். போகும்போது நாய் அவரை இழுத்தது. திரும்பும்போது அவர்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார். பிறகு கொல்லையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சட்டைப்பையில் கருவாட்டுத் துண்டுகளோடு உட்கார்ந்தார். கோழி கிளறும். டிப்பர் விறைக்கும். இவர் கட்டிலை இழுத்துக்கொண்டு பின்னால் போவார்.

"கோழிக்குக் காவலா நாயி வைப்பாக. நாய ஒக்கார வச்சு கோழி காட்டுற மனுசன இப்பத்தான் பாக்குறேன்" என்று தூக்குச்சட்டியைக் கழுவியபடி காத்தாயி முணுமுணுத்தாள்.

வேலிக்கு மேல் தலையை நீட்டினான் பிச்சை. "என்ன மாமா, டிப்பருக்குப் பொண்ணு பாக்குறீகளா? பிடிச்சிருக்காமா?"

"ஒன் கழுத்துல ஒரு கோழியக் கட்டி விட்டாத்தான் நீ இங்கிட்டுத் திரும்ப மாட்ட. போடா."

தை பிறந்தது. கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழிகளின் பக்கம் நகர்ந்தது. நடுவில் ஒரு நாள் தாய்க்கோழி குஞ்சுகளோடு குறுக்கே ஓட, டிப்பர் பாய்ந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. கோழி தப்பியது. ஆனால் மறுநாள் கட்டில் பழையபடி கொல்லையின் கடைசிக்கே போயிற்று. அன்றைக்கு அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. நாயின் மேல் கோபம் இல்லை. தூக்கம்தான்.

மாசி பிறக்கும் சமயத்தில் ஒரு காலை, கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. கை வெறுமையாக இருந்தது. கயிறு இல்லை. அன்றைக்கு வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காத்தாயி, முருங்கை மரத்தடியில் விளக்குமாற்றை ஓங்கிப் பிடித்தபடி நின்றாள். எழ முயன்றார். மரத்துப்போன கால் எழவில்லை. முடிந்தது என்று நினைத்தார். நெடுஞ்சாலை ஓரமும், அங்கே விட்டுவிட்டு வரும் நாய் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவருவதும் கண்ணில் வந்தன.

"சத்தம் போடாதீங்க" என்றாள் காத்தாயி மெல்ல.

டிப்பர் தன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், கயிறு புழுதியில் கிடக்கப் படுத்திருந்தது. சாமிச் சேவல் அந்தத் தட்டில் ஏறி நின்று மிச்சப் பருக்கையைப் பொறுக்கியது. டிப்பரின் காதோரம் நடுங்கியது. சேவலைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தது.

குழந்தைசாமி சட்டைப்பையைத் துழாவினார். கருவாட்டுத் தூள்தான் இருந்தது. அதையே உள்ளங்கையில் வைத்து நீட்டினார். டிப்பர் எழுந்து, சேவலைச் சுற்றிக்கொண்டு வந்து நக்கியது. காத்தாயி விளக்குமாற்றைத் தாழ்த்தி, பெருக்க ஆரம்பித்தாள்.

மாசித் திருவிழாவில் சேவல் முழுசாகக் கருப்பரிடம் போய்ச் சேர்ந்தது. அரவிந்த்குமார் இரண்டு காலாலும் நடந்து வந்து கும்பிட்டுவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறினான். கோயிலில் ஆக்கிய கறியின் எலும்பைக் காத்தாயி பழக்கத்தில் இலையோடு சுருட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் வாலாட்டிய நாயைப் பார்த்ததும் நின்றாள். பிறகு இலையைக் கணவரிடம் கொடுத்து, "குழி தோண்டிப் பொதச்சிருங்க" என்றாள்.

புதைத்துவிட்டு வந்து அவர் கட்டிலில் சாய்ந்தார். இனி காலையில் வந்ததும் தூங்கலாம் என்ற நினைப்பே உடம்பைத் தளர்த்தியது. காத்தாயி கூடையைத் திறந்து, பொரித்துச் சில நாளே ஆன ஒரு குஞ்சைக் கையில் எடுத்து வந்தாள். "இது சேவலாத்தான் வரும். இதையும் நேந்து விட்டுட்டேன்."

"இப்ப என்னத்துக்கு?"

"ஒங்களுக்குப் பகல் டூட்டி கெடைக்கணும்னு."

குஞ்சு கீச்சிட்டது. கட்டிலடியில் படுத்திருந்த டிப்பர் காதை நிமிர்த்தி விறைத்தது. குழந்தைசாமி ஒரு பெருமூச்சு விட்டு, ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எட்டி எடுத்தார்.