உள்ளே திரும்பாத பச்சை

ஆரோக்கியமேரிக்கு நாற்பத்தொரு வயது. வீடு புதுவாயலில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். மேரி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கம்பெனி வேலைக்குப் போனாள். ஊசி மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து, உள்ளே தூசியோ நாரோ மிதக்கிறதா என்று பார்க்கும் வேலை. பதினாறு வருஷம் பார்த்தாள். பிறகு அதற்குக் கேமரா வந்தது, ஆட்களை நிறுத்திவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், மருந்துக் கம்பெனிகளுக்குச் சோதனை செய்து தரும் சின்ன ஆய்வகம் ஒன்றில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தாள். கை நடுங்காது, எழுதி வைப்பதில் தப்பு வராது என்று இரண்டே வருஷத்தில் செல் வளர்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பொறுப்பாளர் தேவதர்ஷினி. திருவள்ளூர்க்காரர், முனைவர் பட்டம் பெற்றவர், மேரியைவிடப் பத்து வயது இளையவர்.

சென்ற வருஷம் ஒரு மருந்து சோதனைக்கு வந்தது. புற்றுநோய் செல்களை இரண்டாகப் பிரியவிடாமல் நிறுத்தும் என்பது அதைச் செய்தவர்களின் எதிர்பார்ப்பு. செல்லின் கருவுக்குள் இருக்கும் ஒரு புரதத்தில் பச்சையாக ஒளிரும் அடையாளத்தைச் சேர்த்திருந்தார்கள். சாதாரணமாகக் கரு மட்டும் பச்சைப் பொட்டாகத் தெரியும். செல் பிரியத் தொடங்கினால் கருவைச் சுற்றிய உறை கலையும். புரதம் வெளியேறி, கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசம் முழுக்கப் பரவும். செல் இரண்டானதும் புது உறை உருவாகி, அதன் துளைகள் வழியாகப் புரதம் மறுபடி உள்ளே போகும். இரண்டு பொட்டுகள் தெரியும்.

மருந்து விட்ட தட்டில் பத்துக்கு ஏழு செல்லில் பச்சை பரவியே இருந்தது. மென்பொருள் கடைசிப் படத்தை மட்டும் பார்த்து, அத்தனையும் பிரியும்போதே நின்றுவிட்டவை என்று கணக்கிட்டது. எல்லோரும் எதிர்பார்த்த பதில். அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் படங்களைக் கணினியில் சேமித்துக்கொண்டிருந்த மேரி திரும்பினாள்.

“மேடம், இதுங்க நின்னுபோச்சுன்னு போட்டுக்கீது. நிக்கல மேடம்.”

“பச்சை வெளியதானே இருக்கு மேரிக்கா?”

“வெளியதான் கீது. ஆனா ஜோடி ஜோடியா கீது பாருங்க. பிரியிற செல்லு உருண்டையா எழும்பிக்கும். இதுங்க தட்டையா ஒட்டிக்கினு கீது. பிரிஞ்சி முடிஞ்சிடுச்சி. பச்சைதான் உள்ள போவல.”

தேவதர்ஷினிக்கு அன்று மூன்று அறிக்கைகள் பாக்கி. “இது குப்பியில தூசி பாக்கற வேலை இல்லக்கா,” என்றார்.

மேரி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகம் சூடாகியிருந்தது. கோபத்தைவிட, தன் கண் தப்பிவிட்டதோ என்ற பயம்தான் அதிகம். படங்களைச் சேமித்து முடித்ததும், “நாளைக்கி நானே எண்ணிப் பாக்கட்டா மேடம்?” என்று கேட்டாள்.

“பாருங்க.”

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்த படங்களை ஒவ்வொரு செல்லுக்கும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். நின்றுவிட்டதாக மென்பொருள் சொன்னவற்றில் இருநூறை எடுத்துக்கொண்டாள். நூற்று எண்பத்தொன்று பிரிந்து முடிந்தவை. பன்னிரண்டு உண்மையிலேயே நின்றவை. ஏழுக்கு எதிரே ‘தெரியல’ என்று எழுதினாள்.

திங்கட்கிழமை தேவதர்ஷினி அந்தத் தாளைப் படித்துவிட்டு, டிஎன்ஏ நீலமாகத் தெரியும் படங்களைத் திறந்தார். பிரியும்போதே நின்ற செல் என்றால் டிஎன்ஏ இறுகித் திரண்டிருக்க வேண்டும். இந்த ஜோடிகளில் அது தளர்ந்து, வட்டமாக, புது உறைக்குள் அடங்கிக் கிடந்தது. புரதம் உள்ளே போகும் வாசல்தான் அடைபட்டிருந்தது.

“அன்னைக்கு அப்படிப் பேசினது தப்புக்கா.”

“பரவால்ல மேடம். அந்த ஏழு எனுக்குத் தெரியல. நீங்க பாத்து சொல்லுங்க.”

அறிக்கை பத்து நாள் தாமதமாகப் போனது. மருந்துக் கம்பெனிக்காரர்கள் போனில் சத்தம் போட்டார்கள். பிறகு அவர்களே மூன்று நாள் தொடர்ந்து படமெடுத்துத் தரச் சொன்னார்கள். புரதம் உள்ளே போகாத செல்களில் பெரும்பாலானவை மறுமுறை பிரியவில்லை. மருந்து வேலை செய்தது, அவர்கள் நினைத்த வழியில் அல்ல. சோதனை இன்னும் நடக்கிறது.

அறிக்கையில் மேரியின் பெயர் இல்லை. பட்டம் பெற்றவர்கள் மட்டுமே கையெழுத்திடும் படிவம் அது. ஆய்வகத்தின் வேலைமுறைக் குறிப்பில் மட்டும் தேவதர்ஷினி ஒரு வரி சேர்த்தார்: மென்பொருளின் முடிவை அனுப்புமுன் ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது, இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்யும் கணவர் எட்வர்ட், “அதான் ரெண்டா பிரிஞ்சிடுச்சே, அப்பறம் இன்னா?” என்று கேட்டார்.

“பிரிஞ்சா ஆச்சா? போவ வேண்டியது உள்ள போவணும்ல,” என்றாள் மேரி.